அணைக்கட்டுப் படத்தில் நாலு பேர்

வெள்ளி, நவம்பர் 7
மழை. பஸ் பிந்திப் போச்சு. இண்டைக்கு மியூசியத்தில என்னை நாலாம் அறையில போட்டினம். நாள் முழுக்க நிக்க வேணும், ஆக்கள் படத்தைத் தொடாமல் பாத்துக்கொள்ள வேணும். எல்லாம் அமெரிக்க அச்சுப் படங்கள். 1930களில வேலையில்லாமல் இருந்த ஓவியர்மாருக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்துச் செய்விச்சதாம். பாலம், சுரங்கம், அணைக்கட்டு. கறுப்பு வெள்ளை.

கதவடியில அணைக்கட்டுப் படம். பக்கத்தில எழுதிக் கிடக்கு, வேலையாட்கள் ஓய்வெடுக்கினமாம். ஓய்வெடுக்கிற ஆக்கள் ஏன் தொப்பியைக் கழட்டிப்போட்டுக் குனிஞ்சு நிக்கினம்?

வாங்க: பால், மிளகாய்த்தூள், இவற்ர தோளுக்குப் பூசுற மருந்து.

ஞாயிறு, 9
பூசை முடிய இவரைக் கூட்டிக்கொண்டு போனன். பதினாறு வருஷம் சைட்டில ஷட்டரிங் வேலை, கொங்கிறீட் ஊத்தப் பலகை அடிக்கிறது. பார்க்கிங் கட்டடம் ஒண்டு கட்டேக்க விழுந்த பிறகு வலது கை மேல எழும்பாது.

படத்துக்குக் கிட்டக் கன நேரம் நிண்டார். பிறகு மெல்ல, “இது ஓய்வில்லை. கிரேனுக்குக் கீழ பாரும். நாலு பேர் பலகையில ஆளைக் கொண்டு போகினம்.”

பாத்தன். பலகை நுனியில ரெண்டு சப்பாத்து.

திங்கள், 10
கியூரேட்டரிட்டைச் சொன்னன். இந்தப் படங்களைத் தெரிஞ்செடுத்து மாட்டினவர். சிரிச்சார். சாமான் காவுற பலகையாம். மத்தியானம் சூப்பர்வைசர் கூப்பிட்டா. விளக்கம் சொல்லுறது என்ர வேலையில்லையாம். டொய்லெட் எங்கையெண்டு கேட்டால் காட்டட்டாம்.

பத்திக்கொண்டு வந்தது. 

வியாழன், 13
குளிர். தலையிடி. காசு குடுக்கிற பெரிய ஆக்களுக்குக் கியூரேட்டர் சுத்திக் காட்டினார். அணைக்கட்டுக்கு முன்னால நிண்டு அந்தச் சப்பாத்தைக் காட்டுறார். கன கிழமையாப் பாத்துத் தான் கண்டுபிடிச்சதாம். என்ர பக்கம் திரும்பவே இல்லை. விளக்கமும் புதுசா ஒட்டியாச்சு, செத்த வேலையாளைக் காவிக்கொண்டு போகினம் எண்டு.

நான் முன்னுக்கு வந்தன். எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னன், “அதைக் கண்டது என்ர மனுசன். சைட்டில வேலை செய்தவர்.”

பின்னேரம் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டா. நாளையில இருந்து எனக்குக் கோட் வாங்கி வைக்கிற அறை.

வீட்டை வந்து கத்தினன். அந்த விளக்கத்தில உங்கட பேரைப் போடச் சொல்லிக் கடிதம் எழுதப் போறன் எண்டன். இவர் தோளுக்கு மருந்தைப் பூசி முடிச்சார். பிறகு, “செத்தவன்ர பேரைப் போட்டிருக்கினமோ?”

இல்லை. ஓவியரின்ர பேர் கிடக்கு. படத்தைக் குடுத்த குடும்பத்தின்ர பேர் கிடக்கு. அணைக்கட்டின்ர பேரும் கிடக்கு.