பதினேழாவது கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள். இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த மலைக்குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். கண் ஆபரேஷன் ஆன பிறகு இன்னும் நீர் வடிகிறது, ஒரு மாதத்துக்கு எழுதவோ படிக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் எழுதுவதும் அவள்தான், கீழே என் பெயரைப் போடுவதும் அவள்தான். நீ வேலை பார்க்கும் அணைக்கட்டுப் பக்கம் டவரே எடுப்பதில்லை என்கிறாய், இங்கே எங்கள் தலைக்கு மேலேயே ஆன்டெனா வரப்போகிறது, ஆளுக்கு ஒன்று வீதம் பிடுங்கி உனக்கு அனுப்பலாம் போல. அப்பா பார்த்துக்கொள்ளும் இந்தக் கடைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு செல்போன் கம்பெனி ஆறு ஆன்டெனா வைக்கக் கேட்டிருக்கிறது. முன்பக்கம் வணிகப் பகுதி, அதில் தொல்லையில்லை, பின்சந்து குடியிருப்புப் பகுதி என்பதால் நகராட்சியில் தனி அனுமதி வாங்க வேண்டுமாம். சுற்றியுள்ள இருபத்திரண்டு வீட்டுக்கும் நோட்டீஸை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் கூட்டத்தில் வந்து சொல்லலாம். அந்தக் கூட்டம் நாளை பதினொரு மணிக்கு. அப்பா ஒரு வாரமாக அந்த அனுமதிக் கோப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார், கட்டட முதலாளி வேறு "இது முடியலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார், வேலை போனால் நாங்கள் இருக்கும் இந்தப் பின்கட்டு வீடும் போகும். இன்று சாயங்காலம், தங்கச்சியோடு படித்த நம் பொடிசுவின் அம்மா பின்சந்திலிருந்து வந்து, தனக்கு நோட்டீஸே வரவில்லை என்றார், அப்பா கையெழுத்துப் பட்டியலைக் காட்டியதும் "ஆமா, நான் போட்டதுதான், மறந்தே போச்சு" என்று போய்விட்டார். ஒரே பெண்ணைப் பறிகொடுத்தவர், மறதி வராமல் என்ன செய்யும். கடிதத்தை அப்பா எப்போதும் போல ஒருமுறை படித்துவிட்டுத்தான் ஒட்டுவார், அதனால் அவரைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு வழியில்லை. கண் கரிக்கிறது, மீதியைக் காலையில் சொல்கிறேன்.

அக்கா, இதற்கு மேல் எழுதுவது நான். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன், யாராவது இருமினாலும் விளக்கை அணைத்துவிடுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பொடிசுவின் அம்மாவுக்கு மறதி இல்லை அக்கா. அவருக்கு நோட்டீஸ் போகவே இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி என்பதால் பின்சந்து வீடுகளை என்னிடம் கொடுத்திருந்தார். எல்லா வீட்டுக்கும் போனேன், அந்த ஒரு வீட்டின் கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். பொடிசு காய்ச்சலில் போனதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார். க்ளாஸ்ல அவ இடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா, நீ எவ்வளவு வளந்துட்ட என்று கேட்டுக்கொண்டே விடமாட்டார். நான் துணி காயப்போட மாடிக்குப் போனால் பொடிசு அவள் அறை ஜன்னலில் நின்று "ஏய், கணக்கு முடிச்சிட்டியா, காட்டுடி" என்று சந்தே அதிரக் கத்துவாள் இல்லையா, இப்போது அதே ஜன்னலில் அவர் உட்கார்ந்து நம் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் துணியைக் கீழேயே காயப்போட ஆரம்பித்துவிட்டேன்.

பட்டியலில் பதினேழாவது வரிசை காலியாக இருந்தது. கோப்பை மூடப்போகிறேன், பட்டியலைக் கொண்டுவா என்று அப்பா கூப்பிட்டார். நானே போட்டுவிட்டேன். பொடிசு கணக்கில் பெயிலாகும்போதெல்லாம் மதிப்பெண் அட்டையில் அவளே அம்மா கையெழுத்தைப் போடுவாள், இழுத்து ஒரு சுழி, கீழே இரண்டு புள்ளி. எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள், "என் கை வலிச்சா நீ போடலாம், ஆனா புள்ளியை மறந்துடாதே" என்று. நான் மறக்கவில்லை. அது பொடிசுவே கண்டுபிடித்தது, அவள் அம்மா உண்மையில் அப்படிப் போடுவதே இல்லை என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா பட்டியலை நீட்டியபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். பொடிசுவின் அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். பள்ளியிலிருந்து வாங்கிவந்த பொடிசுவின் பழைய மதிப்பெண் அட்டைகளைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அந்த இரண்டு புள்ளியையும் விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஆமா, நான் போட்டதுதான் என்றார். போகும்போது ஆன்டெனாவைச் சுற்றி வைக்கும் மறைப்பு எவ்வளவு உயரம் என்று கேட்டார். எட்டடி என்றார் அப்பா. அப்போ என் ஜன்னல்லேர்ந்து மாடி தெரியாதா என்றார். அப்பா ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு "தெரியவே தெரியாதும்மா, கவலைப்படாதீங்க" என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நாளை அப்பா அத்தனை பேர் முன்னால் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது என்று உறுதி சொல்லப்போகிறார். அப்பா பொய் சொல்லிப் பார்த்திருக்கிறாயா அக்கா, தெரியாமல் சொல்லப்போகிறார். நான் உண்மையைச் சொன்னால் கூட்டம் நின்றுபோகும், நோட்டீஸெல்லாம் முதலிலிருந்து கொடுக்க வேண்டும், கம்பெனி பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடலாம், முதலாளி சொன்னபடியே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். சொல்லாவிட்டால் பொடிசுவின் அம்மா எனக்காக வாயை மூடிக்கொண்டு அந்த ஜன்னலையும் இழப்பார். உன் பதில் வரப் பத்து நாளாகும், அதனால் என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. கொடுக்காத நோட்டீஸ் இன்னும் என் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது. அதையும் இந்தக் கடிதத்தையும் அப்பாவின் கோப்பின் மேல் வைக்கப்போகிறேன். கடிதம் உனக்குத்தான், ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் அவர் படிப்பார்.

அம்மா காலையில் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம், எழுதிவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, பாறைப் பக்கம் தனியாக நடக்காதே, தலையில் அந்த மஞ்சள் தொப்பி இல்லாமல் வேலை இடத்துக்குள் கால் வைக்காதே. எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. கம்பளி வாங்கினாயா இல்லையா என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா

(அம்மா, உன் கையெழுத்துக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, இந்தத் தடவை நீயே போடு.)