முதுகு தெரிகிற காட்சி

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்திலிருந்து வரும் வழியில் டிஸ்க் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் டை கட்டிய ஒருவர், படித்தவராகத்தான் இருக்க வேண்டும், ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுல நம்ம மொழியில பேசுவாங்களா?" என்று கேட்டார். பேசுவார்களாம். பனிமலையில் பிறந்து வளர்ந்த கிழவி நம் மொழியில் வெளுத்துக் கட்டுவாளாம். வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூல ஒலி இருக்கிறதா, படத்தின் ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா, சப்டைட்டில் வெள்ளையா மஞ்சளா — ஒன்றும் வேண்டாம். அட்டையில் துப்பாக்கி இருந்தால் போதும். என்ன ஜென்மங்களோ!

இவர்களைப் பற்றி எழுதி மையைத் தீர்ப்பானேன். நல்ல செய்தி ஒன்று. பெட்டிக்காரர் போன் செய்தார். வெளிநாட்டுப் படங்களை அழகழகான பெட்டிகளில் போட்டு விற்கிறவருக்கு எங்கள் திரைப்படச் சங்கத்தில் வைத்த பெயர் அது. ஒரு ரயில்வே கேட்காரரைப் பற்றி, நான் வருஷக்கணக்காகக் கொண்டாடும் அந்தப் படத்தைப் புதிதாகக் கொண்டுவருகிறாராம். உள்ளே வைக்கும் சிறு புத்தகத்துக்கு என் கட்டுரை வேண்டுமாம். "இந்தப் படத்தைப் பத்திப் பேச உங்களை விட்டா யாரு சார் இருக்கா?"

உண்மைதான். இருபத்தாறு வருஷமாக அச்சகத்தில் அடுத்தவர் பெயர்களில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். என் பெயர் முதல் தடவையாக அச்சில் வரப்போகிறது.

மார்ச் 5

வீட்டில் இவளிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். தையல் மிஷினை நிறுத்தவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கட்டுரையை அனுப்பிவிட்டேன். முழுக்க அந்த ஒரு காட்சிதான். மகள் ரயிலேறிப் போய்விட்டாள். கேட்காரர் நமக்கு முதுகைக் காட்டியபடி தண்டவாளத்தைப் பார்த்து நிற்கிறார். இரண்டரை நிமிடம். காற்றின் சத்தம் மட்டும்தான். ஆனால் என்னிடம் இருக்கும் பழைய டிஸ்கில், கீழே சப்டைட்டிலில் பதினோரு வரிகள் ஓடுகின்றன. 'இரண்டு தண்டவாளமும் ஒருநாளும் சேராது மகளே. ஆனாலும் ரயிலைத் தாங்குவது அவைதான்.' குரலே இல்லாத வசனம்! எழுத்தாகவே வரும் மனக்குரல்! வேறு எந்த இயக்குநருக்கு இந்தத் துணிச்சல் வரும்? ஒன்பது வருஷமாகச் சங்கத்தில் இதைத்தான் சொல்லிவருகிறேன். அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே.

பக்கத்து அறையில் இவள் டப்பிங் படம் போட்டிருக்கிறாள். மொத்தமே நாலு பேர்தான் குரல் கொடுப்பார்கள் போலிருக்கிறது. தளபதிக்கும் சமையல்காரனுக்கும் அதே ஜலதோஷக் குரல். கல்யாணமான புதிதில் ஒன்றாகத்தான் பார்த்தோம். பதினான்கு வருஷமாக இரண்டு அறை, இரண்டு டிவி. "நான் ஊசியைப் பாக்கவா, உங்க எழுத்தைப் பாக்கவா?" என்பாள். பள்ளிச் சீருடைக்கு ஜிப் வைக்கிறவளுக்கு வெளிநாட்டுப் படம் எதற்கு என்று இன்று கேட்டுவிட்டேன். சத்தத்தைக் கூட்டினாள்.

மார்ச் 11, புதன்

அநியாயம்! அச்சடிக்கும் முன் பார்த்துச் சொல்லும்படி பெட்டிக்காரர் புது டிஸ்கை அனுப்பியிருந்தார். பதினோரு வரிகளையும் காணோம். ஒரு எழுத்து இல்லை. யாரோ ஒரு பெண் மூல மொழியிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தாளாம். நேரடியாக! இரண்டரை நிமிடத்தை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறாள்.

பெட்டிக்காரருக்கு மூன்று பக்கம் கிழிகிழியென்று கிழித்து எழுதிவிட்டேன். இந்த மொழிபெயர்ப்பாளர் தூங்கிக்கொண்டே வேலை செய்தவர், அடுத்த படங்களை இவரிடம் கொடுத்தால் சங்கத்தில் ஒருவரும் உங்கள் பெட்டியைத் தொடமாட்டோம் என்று. மனசு குளிர்ந்தது.

மார்ச் 13, வெள்ளி

பெட்டிக்காரர் பேசினார். "அங்க யாருமே பேசலையே சார்" என்றாளாம் அந்தப் பெண். அட என் தாயே, அதுதானே படமே! பெட்டிக்காரருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். பழைய வரிகளைச் சேர்த்துவிடுவார். அவளிடம் கொடுத்திருந்த ஆறு படங்களையும் நாளைக்கே திரும்ப வாங்கிவிடுவார். பாவம், அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு இல்லையாம்.

அதற்கு நான் என்ன செய்ய? வேலை தெரியாதவள் வேலைக்கு வரக்கூடாது.

மார்ச் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

மத்தியானம். கட்டுரையின் புரூஃப் வந்திருந்தது. கையில் சிவப்புப் பேனா. பதினோரு வரிகளில் நாலாவதைத் தாண்டியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜலதோஷக் குரல் ஐந்தாவது வரியைச் சொன்னது. பிறகு ஆறாவது. ஏழாவது. ஒரு சொல் பிசகவில்லை. நான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போய்ப் பார்த்தால் என் கேட்காரர்! முதுகைக் காட்டிக்கொண்டு பேசோ பேசென்று பேசுகிறார். துணி தைக்கக் கொடுக்க வந்த யாரோ இவளுக்குக் கொடுத்தார்களாம், ஒரே டிஸ்கில் மூன்று படம்.

"இந்த வசனமெல்லாம் யார் எழுதினது?"

"யாரு எழுதுவா, டப்பிங்காரங்கதான். ஆளு முதுகைக் காட்டினா வாய் தெரியாதுல்ல? விடவே மாட்டாங்க. எதையாவது பேச வச்சிருவாங்க. சும்மா விட்டா பாக்கறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்களே." நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். "எத்தனை படத்துல கேட்டிருக்கேன். உங்களுக்கு இது தெரியாதா?"

தெரியாது.

என் பழைய டிஸ்கையும் இவளுடையதையும் அக்கம்பக்கமாக ஓடவிட்டேன். முதல் வசனத்திலிருந்து கடைசி வரை ஒன்றேதான். பழைய டிஸ்க் போட்ட சோம்பேறி எதையும் மொழிபெயர்க்கவில்லை. டப்பிங் வசனத்தை அப்படியே தட்டச்சு செய்து சப்டைட்டில் என்று ஒட்டிவிட்டான். ஒன்பது வருஷமாக நான் படித்தது டப்பிங். இவளாவது காதால் கேட்டாள். நான் அதையே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கலை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

மார்ச் 16, திங்கள்

லீவு போட்டேன்.

சும்மா இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? வரிகள் உள்ளே போகும். கட்டுரை வரும். என் பெயர் வரும். சங்கத்து மண்டுகளில் ஒருவனாவது கண்டுபிடிப்பானா? ஒன்பது வருஷம் என் பேச்சுக்குத் தலையாட்டியவர்கள்தானே.

அந்தப் பெண் — பார்த்ததைப் பார்த்தபடி செய்தாள். அதற்காக என் வாயால் அவள் சீட்டு கிழிந்தது. தூங்கிக்கொண்டே வேலை செய்தவர் என்று எழுதினேனே. யார் தூங்கியது? நான்தான். பிழை திருத்துகிறவனாம். தூ!

இவள் எட்டிப் பார்த்தாள். "சாப்பிடலையா?" என்றாள். "அந்தப் படத்தைப் பத்தித்தானே?" ஆமாம் என்றேன். "போனைப் போட்டுச் சொல்லிருங்க. சொன்னா என்ன, மீசையா கொட்டிரும்?"

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பெட்டிக்காரர் கேட்டார்: "அப்ப கட்டுரை?" "கிழிச்சுப் போடுங்க." "அவளை சனிக்கிழமையே நிறுத்திட்டேனே சார்." திரும்பக் கூப்பிடுங்கள், என் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்றேன். அவள் எண்ணை வாங்கி நானும் பேசினேன். சுற்றி வளைத்து, ஒருவழியாக மன்னிப்பும் கேட்டேன்.

அவள் திட்டியிருக்கலாம். "உங்க கட்டுரையை எனக்கும் அனுப்பினாங்க சார். படிச்சிட்டு அந்தக் காட்சியை நாலு தடவை போட்டுக் கேட்டேன். எனக்குத்தான் காது கேக்கலையோன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன்" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏப்ரல் 2

பெட்டிக்காரர் அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்; பிழை திருத்தித் தருகிறேன் என்று நானே சொல்லியிருந்தேன். அவளிடமிருந்து கேட்காரர் படத்தோடு அந்த ஆறு படங்களின் சப்டைட்டில் வரிகளும் தபாலில் வந்தன. கூடவே ஒரு சீட்டு: 'பிழை மட்டும் பாருங்க சார். படத்தைப் பத்தி எதுவும் சொல்ல வேண்டாம்.' திமிர் பிடித்தவள். நன்றாகத்தான் எழுதுகிறாள்.

மே 17, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. சிறு புத்தகத்தில் என் கட்டுரை இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர், கீழே பிழை திருத்தியவன் என்று என் பெயர்.

மத்தியானம் போட்டேன். இவள் மடி நிறையச் சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். "நம்ம மொழியில பேச மாட்டாங்களா?" பெட்டிக்காரர் டப்பிங் போடமாட்டார் என்றேன். "அப்ப நீங்க படிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஊசியில கண்ணு."

படித்தேன். கேட்காரருக்கு, மகளுக்கு, ஸ்டேஷன் மாஸ்டருக்கு, எல்லாருக்கும் நான்தான். மூன்று நாளாக எனக்கு ஜலதோஷம் வேறு. மகளுக்குக் கொஞ்சம் குரலை மெலிதாக்கினேன். இவள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

மகள் ரயிலேறினாள். கேட்காரர் திரும்பி நின்றார். முதுகு. கீழே ஒன்றும் இல்லை. பதினோரு வரிகளும் என் நாக்கு நுனியில் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

சத்தம் நின்றுபோனதே என்று இவள் தையலிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்தக் காட்சி முடியும்வரை குனியவில்லை.