ஜோசஃபின் போன பிறகு

ஆகஸ்ட் 2, சனி

குளிர்காலக் காலை. பனி புல்லின் மேல் வெள்ளையாய் விறைத்துக் கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து முடித்தேன். கவாத்து பற்றி என்னிடம் இருக்கும் நூல்கள் அத்தனையும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கின்றன: தயங்காமல் வெட்டு. சொன்னவர்கள் யாரும் தம் பக்கங்களில் ஒரு வரியைக்கூட வெட்டியதாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ரம்பச் சத்தம். ஜூலியன் தன் தோட்டத்தின் பழைய பேரி மரத்தை ஆள் வைத்துச் சாய்த்துக்கொண்டிருந்தார். சிட்னியில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சென்ற இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டை வாங்கியவர். மரத்தின் இனத்துக்கு ஜோசஃபின் என்று பெயர். ஊரில் எல்லோரும் அதை ஓர் ஆளைப் போல அந்தப் பெயர் சொல்லியே குறிப்பிடுவோம். அவருக்கு ஜன்னல் வழியாக ஆறு தெரிய வேண்டுமாம். ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து டாஸ்மேனியாத் தீவுக்குக் குடிவருகிறவர்கள் எல்லோருக்கும் ஹ்யூவான் ஆறு தெரிய வேண்டும்.

எனக்கு வருத்தமா? உண்மை எழுத எனக்கு இருக்கும் ஒரே இடம் இதுதான். ஆகவே: கொண்டாட்டம். என் ருபார்ப் கீரைப் பாத்திக்கு ஜோசஃபின் ஒருநாளும் வெயில் விட்டதில்லை. மத்தியானம் அந்தப் பாத்தியில் வெயில் விழுந்தது. கீரையே கண் கூசி நின்ற மாதிரி இருந்தது.

"நல்ல மரம்," என்றார் கிளாரி.

கிளாரி என் கணவர். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் செலவழிக்க மாட்டார். அதில் ஒன்று காலை உணவுக்கு ஒதுக்கப்பட்டது. ஓட்ஸ் கஞ்சியின் மேல் என் பேரிக்காய்த் துண்டுகளைப் போட்டுக் கொடுப்பேன். எங்கள் பேக்கம் இனப் பேரி மரத்துக் காய். கோடையின் கடைசியில் பாகில் போட்டுக் குப்பிகளில் அடைப்பது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு," என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே விமர்சனம். இதைவிட மோசமான விமர்சகர்களை நான் படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நன்றிக்கு ஒரு குப்பி பேரிக்காயை வேலிக்கு மேல் ஜூலியனிடம் நீட்டினேன்.

"எனக்கா? எதுக்கு வெர்னா?"

"மரத்தை வெட்டினீங்களே, அதுக்குத்தான். எங்க பக்கம் இப்பத்தான் வெளிச்சம் வந்திருக்கு."

முகம் சிவந்து போனார். பாவம், இங்கே அவரை யாரும் இதுவரை எதற்கும் பாராட்டியதில்லை போலிருக்கிறது. கிளைகளை வரும் சனிக்கிழமை கொளுத்தப் போகிறாராம். புகை வந்தால் மன்னிக்க வேண்டுமாம்.

"குப்பி திரும்பி வருமா?" என்றார் கிளாரி. இன்றைய இரண்டாவது வாக்கியம்.

எங்கள் பக்கத்தில் குப்பி திரும்பி வரவேண்டும். கழுவி, மூடியோடு, வேலிக் கம்பத்தின் மேல். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் வந்தால்தான் அதற்கு மதிப்பு. வராவிட்டால் அந்த வீட்டைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். ஜூலியனுக்கு இதைச் சொல்லலாம்தான். சொன்னால் கேட்டதாகிவிடும்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. ராஸ்பெரிக் கொம்புகளைக் கட்டவில்லை. மழை பெய்தது சௌகரியமாகப் போயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

மழை நிற்கவில்லை. ஜூலியன் கொளுத்த முடியாமல் கிளைக் குவியலைச் சுற்றி நடந்தார். அடுத்த சனிக்கிழமை என்று கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஊர்க் கூடத்தில், ஒட்டுக் கட்டுவதற்கான குச்சிகளை மாற்றிக்கொள்ளும் நாள். அவரவர் மரத்தில் வெட்டிய குச்சிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி மேசையில் வைக்கிறோம். வேண்டியதை எடுத்துப் போகிறோம். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் செய்தித்தாள் எதற்காவது உதவுகிறது. என் பழைய தோழி நோலீன் தன் ஸ்கோன் ரொட்டிகளோடும் கருத்துகளோடும் வந்திருந்தாள். இரண்டும் சூடாகவே இருக்கும்.

ஜோசஃபின் போனதையும் ருபார்பில் வெயில் விழுந்ததையும் சந்தோஷமாய்ச் சொன்னேன். நோலீன் ஸ்கோனைக் கீழே வைத்தாள். அவள் ஸ்கோனைக் கீழே வைப்பது சாதாரண விஷயமில்லை.

"அப்ப உன் பேக்கத்துக்கு என்னடி பண்ணப் போற?"

"அதுக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

"தனியாவா? அதோட மகரந்தத்துல அது தானா காய்க்காது வெர்னா. வேற இனம் பக்கத்துல பூக்கணும். இத்தனை வருஷமா யாரு உன் மரத்துக்கு மாப்பிள்ளைன்னு நினைச்ச? நீ போட்ட எருவா?"

உண்மையில் எருவைத்தான் நினைத்திருந்தேன். எருவையும் என் கவாத்தையும்.

"கண்காட்சியில முதல் பரிசா வாங்கினியே நீல ரிப்பனெல்லாம், அதுல பாதி ஜோசஃபினுக்குச் சேர வேண்டியது," என்றாள். "பேரு பொம்பளைப் பேரு, பார்த்த வேலை மாப்பிள்ளை வேலை. அந்த ஆளு வெட்டுறப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

பாராட்டிக்கொண்டு இருந்தேன் என்று சொல்லவில்லை. ஒரு குப்பியும் கொடுத்தேன் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை.

மேசையில் ஜோசஃபின் குச்சி ஒன்றுகூட இல்லை. நம் பக்கத்தில் வேறு யாரிடமும் அந்த மரம் இல்லையாம். அவளே ஒரு வழியும் சொன்னாள். குளிர்காலத்தில் வெட்டிய கிளை ஈரத்தில் கிடந்தால் இரண்டு வாரம்கூட உயிரோடு இருக்கும். அதிலிருந்து குச்சி எடுத்து என் மரத்திலேயே ஒட்டிவிட்டால் பிறகு எப்போதும் கவலையில்லை. மொக்கு வைத்த கிளைகளைக் குளிரில் வைத்திருந்து, பேக்கம் பூக்கும்போது வாளித் தண்ணீரில் வைத்து மரத்திலேயே தொங்கவிட்டால் இந்த வருடமும் காய் உண்டு.

கொளுத்துவது வரும் சனிக்கிழமை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலைச் சாப்பாட்டில் கிளாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியில் இருந்த பேரிக்காய்த் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அலமாரியில் இருக்கும் குப்பிகள் கோடை வரை வரும். அதற்குப் பிறகு? எங்கள் உரையாடலில் சரிபாதி அந்தக் காய்தான். கடையில் வாங்கின டப்பாக் காய்க்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஜூலியனிடம் போய்க் கேட்கலாமே? கேட்கலாம். 'அன்றைக்கு நன்றி சொன்னேனே, அதைத் திருப்பிக் கொடுங்கள்' என்று தொடங்க வேண்டும். அந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் முட்டாளாகத்தான் வருகிறேன்.

கிளாரியை அனுப்பினேன். ஜூலியன் இல்லாத நேரம் பார்த்து ஒரு கட்டுக் குச்சி கொண்டுவந்தார்.

"இது வேலிச் செடி கிளாரி."

"குச்சிதானே கேட்ட."

ஆகஸ்ட் 13, புதன்

நானே போனேன். ஜூலியன் தினமும் காலையில் ஆற்றில் நீந்துகிறவர், ஆகஸ்டில். சிட்னியில் யாரோ அது நரம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் துண்டோடு இறங்கிப் போனதும் வேலி தாண்டினேன். நல்ல மொக்கெல்லாம் குவியலின் உச்சியில்தான் இருந்தது. ஏறினேன். ஏறுவது எளிது. கம்பளிச் சட்டை ஒரு கொம்பில் மாட்டிக்கொண்ட பிறகு இறங்குவது எளிதில்லை.

இன்றைக்குத் தண்ணீரின் குளிரை நரம்புகூடத் தாங்கவில்லை போல. சீக்கிரமே திரும்பிவிட்டார். உதடு நீலமாக, அங்கியைச் சுற்றிக்கொண்டு கீழே நின்றார்.

"வெர்னா? ஏதாவது தேடுறீங்களா?"

"மாப்பிள்ளை தேடுறேன்," என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் மரியாதையாகக் காத்திருந்தார். நோயாளி வாயில் பஞ்சோடு பேசும்போது காத்திருந்த பழக்கம். அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உயரத்திலிருந்து சொல்லும்போது பிரசங்கம் மாதிரி ஒலித்தது. அது கொஞ்சம் உதவியது.

"அப்போ எதுக்கு எனக்கு நன்றி சொன்னீங்க?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"நானும் தெரியாமத்தான் வெட்டிட்டேன்."

"அப்போ சமம். இந்தச் சட்டையைக் கொஞ்சம் எடுத்து விடுங்க."

எடுத்துவிட்டார். வெகு நேர்த்தியாக, ஒரு நூல்கூட இழுபடாமல். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். பிறகு என் விரல்களைப் பார்த்தேன். மூட்டெல்லாம் வீங்கி, கவாத்துக் கத்தரியைப் பிடிப்பதே பெரிய காரியம். ஒட்டுக் கத்தி கனவிலும் கிடையாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிளைகள் ஜூலியன் வீட்டில், மதுவுக்கென்றே அவர் வைத்திருக்கும் குளிர்பெட்டியில் இருக்கின்றன. அவரே புட்டிகளை வெளியே எடுத்துவிட்டார். வீடிழந்த புட்டிகளுக்குக் கிளாரி பெருந்தன்மையாக அடைக்கலம் கொடுத்திருக்கிறார்.

கம்பத்தின் மேல் குப்பி இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

காற்றில்லாத நாள். பீச் மரத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தேன். மொக்கு விரிவதற்குள் அடிக்காவிட்டால் வசந்தத்தில் இலையெல்லாம் கொப்புளித்துச் சுருண்டுவிடும். மரமும் நீலம், நானும் நீலம். துளிரைத் தின்னும் பொசம் விலங்கு ஏறாமல் கிளாரி தண்டுகளுக்குத் தகரம் சுற்றினார். ராஸ்பெரியைக் கட்டியாயிற்று. ஆப்பிளுக்கு அடியில் கடற்பாசி மூடாக்கு போட்டாயிற்று. தோட்டம் தயார், ஒரு மரத்தைத் தவிர.

நோலீன் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "உன் பல் டாக்டர் குப்பி கொடுத்தானா?" என்றாள். இல்லை என்றேன். உதட்டைப் பிதுக்கினாள்.

செப்டம்பர் 6, சனி

ஒட்டுக் கட்டினோம். பேக்கத்தின் மொக்குகள் வீங்கிவிட்டன. இதற்கு மேல் காத்திருக்க முடியாது.

ஜூலியன் நெற்றியில் விளக்கும் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். கிளாரி ஏணியைப் பிடித்தார். நான் நூலை உரக்கப் படித்தேன். 'குச்சியின் பச்சைத்தோலும் கிளையின் பச்சைத்தோலும் ஒன்றையொன்று தொட வேண்டும். அது தவறினால் அனைத்தும் வீண்.' கல்யாணம் பற்றிய நூல்களில் இவ்வளவு தெளிவு இல்லை.

"வாயை நல்லாத் திறங்க," என்றார் பிளந்த கிளையைப் பார்த்து. "இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். வலிக்காது."

"எல்லா டாக்டரும் இதைத்தான் சொல்றீங்க," என்றார் கிளாரி. இது மூன்றாவது வாக்கியம். நான் படிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

மெழுகு பூசி முடித்ததும் மீந்த குச்சிகளை ஜூலியன் தனக்கென்று கேட்டார். நோலீன் ஒரு வேர்ச்செடி தருகிறாளாம். அதில் ஒட்டி, பழைய இடத்திலேயே நடப் போகிறாராம்.

"ஆறு மறைஞ்சிடுமே?"

"ஒரு மாசமாப் பார்த்துட்டுத்தான் இருக்கேன் வெர்னா. அது ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது."

செப்டம்பர் 29, திங்கள்

பேக்கம் பூத்துவிட்டது. குளிர்பெட்டிக் கிளைகளைச் சலவை அறையில் வைத்திருந்தோம், அவையும் திறந்துவிட்டன. ஜோசஃபின் பூ. வாளிகளை மரத்தில் தொங்கவிட்டோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. குளிர். ஒரு தேனீயைக் காணோம்.

அக்டோபர் 2, வியாழன்

இன்னும் மழை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூவெல்லாம் கொட்டுது. இத்தனை பாடும் பட்டு, கடைசியில இந்தத் தேனீங்க ஈரத்துல வெளியே வரமாட்டேன்னு உட்கார்ந்திருக்குதுங்க! நீங்க என்ன சிட்னி ஆளுங்களா? வாங்களேன் — கொஞ்ச நேரம் வந்தாப் போதாதா? ஜூலியன் குடையோடு வந்து வாளித் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை. கிளாரியிடம் கற்றுக்கொண்டார் போல.

அக்டோபர் 4, சனி

தேனீ.

அக்டோபர் 19, ஞாயிறு

ஒட்டுகளில் மூன்று துளிர்த்திருக்கின்றன. செத்துப்போனவற்றை ஜூலியன் 'பிடுங்கிவிட்டார்'. அவர் சொல் அது. நோலீன் மூன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "கை நல்ல கைதான்," என்று ஒப்புக்கொண்டாள். ஜூலியன் வேலி தாண்டிப் போன பிறகு, "ஆனா குப்பி?" என்றாள்.

கிளாரி வேலிக் கம்பத்தைப் பார்த்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

பேக்கத்தில் உதிர வேண்டிய பிஞ்சுகள் உதிர்ந்துவிட்டன. நின்றவை நிற்கின்றன: கிளைக்குக் கிளை, கொத்துக் கொத்தாக, கட்டைவிரல் பருமன். சிலவற்றைக் கிள்ளிவிட வேண்டும் என்கிறது நூல். தயங்காமல். தயங்குகிறேன்.

காலையில் அலமாரியின் கடைசிக் குப்பியைத் திறந்தேன். கிளாரி சாப்பிட்டார். "நல்லா இருக்கு," என்றார். பிறகு வழக்கம்போல் ஜன்னல் வழியாக வேலிக் கம்பத்தைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

கையில் குப்பியோடு வந்தார். கழுவி, மூடி போட்டு, வெயிலில் காய்ந்தது. யாரும் கேட்கவில்லை, நோலீனிடம் பிறகு விசாரித்தேன், அவளும் வாயைத் திறக்கவில்லையாம். உள்ளே அவருடைய புதிய கன்றிலிருந்து ஓர் இலை.

கிளாரி இலையை எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தார். குப்பியைக் காலிக் குப்பிகளின் வரிசையில் கொண்டுபோய் வைத்தார். வரிசையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். மறுபடி வரிசையைப் பார்த்தார்.

"இந்த வருஷம் குப்பி பத்தாது," என்றார்.