நான் இல்லாதபோது நீர் என் பக்கம் பேசினீராம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது குசினி அடுப்பில் கச்சான் கடலை அவிந்துகொண்டிருந்தது. ஜான்-டலோன் சந்தையில் கோதோடு மலிவாகக் கிடந்ததென்று மனைவி வாங்கி வந்திருந்தாள். அவள் மூடியைத் தூக்கியதும் உப்பும் மண்ணும் கலந்த ஆவி எழுந்து என் கண்ணாடியில் படிந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டு நின்ற அந்தச் சிறு நேரத்தில், உம்முடைய பியர்பொன்ட்ஸ் வீட்டு பேஸ்மென்டின் படிகளில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழிருந்து நீர் கூப்பிட்டீர்: "மாஸ்டர், ஆட்டம் துடங்கப் போகுது. கதவைச் சாத்திப்போட்டு வாரும், குளிர் வருது."

கண்ணாடியைப் போட்டதும் நீர் போய்விட்டீர். கச்சான் மட்டும் இருந்தது. நான் சாப்பிடவில்லை.

இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நன்றி சொல்வார்கள், அல்லது மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கு இரண்டும் இப்போது வரவில்லை. எனக்கு உம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாம் இந்த அமெரிக்க உதைபந்தாட்டத்துக்குள் விழுந்தது யாருக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அது கிட்டத்தட்ட உதைக்காத உதைபந்தாட்டம். கையால் எறிவதும், பிடிப்பதும், கட்டிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைக் கீழே சாய்ப்பதும்தான். பாண் தொழிற்சாலையில் நாம் இருவரும் நகரும் ஒரே பட்டிக்கு எதிரெதிரே நின்ற காலம். ஊரில் நான் சில வருடம் பொருளியல் படிப்பித்தவன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நீர் என்னை "மாஸ்டர்" என்றீர். மற்றவர்கள் கேலியாகச் சொன்னார்கள். நீர் எப்படிச் சொன்னீர் என்று அப்போதும் எனக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை.

எங்கள் போர்மன் ஒரு கெபெக் மாகாணத்துக்காரன். ஞாயிறு வேலையில் வானொலியைப் பிரெஞ்சில் அலறவிடுவான். அமெரிக்க எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் அணிக்காக அவன் உயிரை விட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சீனிப் பொட்டலங்களை அடுக்கி அவன் நமக்கு ஆட்டத்தை விளங்கப்படுத்தினான். அவனுடைய அணியே நம்முடைய அணியாயிற்று. அது எப்போதும் தோற்கும் அணி என்பதை அவன் சொல்லவில்லை. நமக்கென்று வாய்ப்பவை எல்லாம் அப்படித்தான்.

நடுவில் நின்று பந்தை எறிகிறவனை "எறியிறவன்" என்றோம். அவனை எதிரிகள் வந்து மிதிக்காமல் முன்னால் மறித்து நிற்கும் ஐந்து தடியர்களுக்கு நீர் பெயர் வைத்தீர்: வேலி. அன்றைக்கே நம்முடைய சண்டையும் தொடங்கிவிட்டது.

வசந்தத்தில் டிராஃப்ட் வரும். கல்லூரிகளிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் நாள். மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் முறை என்பதால் நம்முடைய அணிக்கு அநேகமாக நல்ல இடம் கிடைக்கும். அந்த வியாழக்கிழமை மாலை உம்முடைய பேஸ்மென்டில் நீர், நான், புரோசார்ட்டிலிருந்து வரும் யோகன், நம்மைவிட வயதில் இளையவனான அருள். நடுவில் ஒரு சட்டி அவித்த கச்சான்.

"முதல்ல வேலியைப் போடவேணும், மாஸ்டர். பேந்து கத்தரி நடலாம்."

"வேலியைப் பாக்கவோ சனம் காசு குடுத்து வருது?"

"எறியிறவனை நிலத்தில புதைச்சாப்பிறகு ஆர் எறியிறது? உம்மட மனுசியோ?"

"அவள் எறிஞ்சாலும் உம்மட ஆளைவிடத் தூரம் போகும்."

"ரெண்டுபேரும் சேர்ந்து அந்த அணி முதலாளிக்கு ஒரு போன் எடுங்கோவன்," என்பான் யோகன். "பாவம், அந்தாள் உங்கட முடிவுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

என்னுடைய வாதம் எளிமையானது. பந்தைக் கட்டிக்கொண்டு ஓடினால் சாண் சாணாகத்தான் போகலாம். எறிந்தால் ஒரே வீச்சில் பாதி மைதானம். தோற்கிற அணி ஓடினாலும் தோற்கும், மெல்ல மெல்லத் தோற்கும். எறிகிற அணி சடாரென்று தோற்கும், ஆனால் சிலவேளை வெல்லும். ஆகவே நல்ல எறியிறவனையும், தூர ஓடிப் பிடிக்கிறவனையும் எடு. மெல்லத் தோற்பதும் தோல்விதான். இதை வருடக்கணக்காக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் சொல்லிவந்தேன். நீர் ஒவ்வொரு முறையும் கச்சானை உடைத்தபடி கேட்டுவிட்டு, "வேலி," என்பீர். அவ்வளவுதான் உம்முடைய பதில்.

நான் வாழ்ந்ததும் என் வாதத்தின்படிதான் என்பது உமக்குத் தெரியும். ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுதிப்போட்டேன். சிபாரிசு தருவதாகச் சொன்ன பேராசிரியர் தரவில்லை. அந்த மனிதரை நான் மறக்கவில்லை. தமிழில் ஒரு தரமான சஞ்சிகை நடத்தினேன்; வெளியீட்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டவர்களில் பாதிப்பேர் அதை வாசிக்கவில்லை, மற்றப் பாதி சந்தா கட்டவில்லை. இங்கே ஆசிரியராக அனுமதி பெற முயன்றேன். என் பிரெஞ்சு நல்லதென்றார்கள், உச்சரிப்புத்தான் இடைஞ்சல் என்றார்கள். நீரோ தொழிற்சாலையில் மேலதிக நேரம் பார்த்தீர், பிறகு ஒரு வான் வாங்கி வீடுகளில் வெப்பக்குழாய் துப்புரவாக்கினீர், பிறகு பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினீர். உம்மீது எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்பீர். இருந்ததென்றால் அதை நான் நாகரிகமாகத்தான் வைத்திருந்தேன்.

நான் கடைசியாக வந்த அந்த டிராஃப்டில் நமக்கு நல்ல இடம். அருமையான பிடிக்கிறவன் ஒருவன் எடுபடாமல் இருந்தான். நம்முடைய அணி அவனை விட்டுவிட்டு ஒரு வேலிக்காரனை எடுத்தது. நீர் கைதட்டினீர். நான் சொன்னேன்: "பயந்தவங்களின்ர தெரிவு. இந்த அணிக்கும் பியர்பொன்ட்ஸில வீடு வாங்கினவைக்கும் ஒரே புத்தி." பொதுவாகத்தான் சொன்னேன். அங்கே வீடு வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

நீர் கச்சான் கோதை உடைத்து, பருப்பை வாயில் போட்டு, நிதானமாக மென்றுவிட்டுச் சொன்னீர்:

"நீர் வாழ்க்கை முழுக்கத் தூரத்துக்கு எறிஞ்சனீர், மாஸ்டர். ஒருத்தரும் பிடிக்கேல்லை."

அருள் டீவிப் பக்கம் திரும்பினான். பிறகு யோகன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டேன். பியர்பொன்ட்ஸிலிருந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள என் வீட்டுக்கு பஸ்ஸில் வருகிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். இறங்கும்போது உமக்குச் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது. மிக நல்ல பதில். மறுவாரம் நீர் போன் அடித்தீர், நான் எடுக்கவில்லை. இன்னொருமுறை அடித்திருந்தால் எடுத்திருப்பேன். நீர் அடிக்கவில்லை. அதையும் நான் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டு டிராஃப்ட் நான் இல்லாமல் நடந்தது. மூன்றாவதற்கு முந்திய மாரிக் குளிரில், நித்திரையிலேயே போய்விட்டீர்.

உம்முடைய தேவாலயத்தில் நடந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தேன். நான் சைவக்காரன், எழும்புவதும் முழங்காலிடுவதும் எப்போதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மண்டபத்தில் சாப்பாடு. யோகன் தட்டோடு வந்து எனக்கு எதிரே இருந்தான். சிரித்த மனிதன்தான், ஆனாலும் செத்தவீட்டுக்காரர் முன்னால் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

"மாஸ்டர், நீங்கள் வராத குறையே தெரியேல்லை," என்றான். "உங்கட பக்கத்தை அவரே கதைச்சவர்."

"என்ன பக்கம்?"

"எறியிற பக்கம்தான். கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு, 'மெல்லத் தோக்கிறதும் தோல்விதான்' எண்டு துடங்குவார். குரல், கை எல்லாம் அப்பிடியே நீங்கள்தான். நாங்கள் சிரிச்சுச் சிரிச்சு வயிறு..." என் முகத்தைப் பார்த்ததும் அவன் கத்தரிக்காயைப் பிசையத் தொடங்கினான்.

உம்முடைய படத்துக்கு முன்னால் போய் நின்றேன். இறந்தவரின் படத்தை முறைத்துப் பார்க்கக் கூடாதென்று நினைக்கிறேன். முறைத்தேன். என்னை அவமானப்படுத்தியது போதாதென்று, நான் இல்லாத இடத்தில் என்னைப்போல ஆடியும் காட்டினீரா?

தேத்தண்ணி ஊற்றும் இடத்தில் அருள் என்னை மறித்தான். "யோகன் அண்ணை சொன்னதைக் கேட்டனான். அவருக்கு விளங்கேல்லை, மாஸ்டர். முதல் வருசம் பகிடிதான். போன வருசம் பகிடியில்லை."

"எப்பிடித் தெரியும்?"

"எங்கட அணி ஆக்கள் திரும்பவும் வேலிக்காரனைத்தான் எடுத்தவங்கள். அவர் இவ்வளவு காலமும் கேட்டதும் அதுதானே? டீவியை நிப்பாட்டிப்போட்டார். 'பயந்தாங்கொள்ளியள்' எண்டு கத்தினார். முகம் சிவந்துபோச்சு. ஒருத்தரும் சிரிக்கேல்லை. நாங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டம்."

அப்படியானால் நீர் என் பக்கம் வந்துவிட்டீரா? இருபது வருடமாக நான் சொன்னதை, நான் இல்லாதபோது ஏற்றுக்கொண்டீரா? ஏற்றுக்கொண்டவர் ஏன் எனக்குச் சொல்லவில்லை? பாக்கெட்டில் போன் இருந்ததே.

புறப்படும்போது உம்முடைய மனைவியிடம் கேட்டேன். பகிடியா, உண்மையா?

"எனக்கு உந்தப் பந்து விளங்காது, அண்ணை," என்றார். "நீங்கள் வராமல் விட்டாப்பிறகு அவருக்குச் சண்டைபிடிக்க ஆளில்லை. ரெண்டு பக்கத்தையும் அவரே கதைச்சார். தனிய இருந்து சீட்டு விளையாடுற மாதிரி."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"ஏசினவர். நெடுக ஏசினவர்."

"என்னெண்டு?"

"அதை இப்ப ஏன் அண்ணை," என்று சொல்லிவிட்டு எனக்குக் கட்டித் தந்த சோற்றுப் பார்சலின் மேல் இன்னொரு வடையை வைத்தார்.

மூன்று பேர் சொன்னது மூன்று விதம். கேலிதான் என்றால், 'ஒருத்தரும் பிடிக்கேல்லை' என்ற அந்த வசனத்தை நீர் இன்னொருமுறை, இன்னொரு விதமாகச் சொல்லியிருக்கிறீர். உண்மைதான் என்றால், அதை மீளப் பெற்றிருக்கிறீர். என்னைப் பற்றி யார் யாரோ எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள், அவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று ஒதுக்கியிருக்கிறேன். உம்மை அப்படி ஒதுக்க முடியவில்லை. என் சஞ்சிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவர் நீர் ஒருவர்தான். நாலாம் இதழில் இரண்டு எழுத்துப்பிழை என்று வந்து சொன்னீர். ஆகவே என் வாழ்க்கை வீண் என்று நீர் நினைத்தீரா இல்லையா என்பது எனக்கு அவசியமாக இருக்கிறது. இதைத்தான் கேட்கிறேன்.

இந்த வருட டிராஃப்டைப் பார்க்க யோகன் தன்னுடைய புரோசார்ட் வீட்டுக்குக் கூப்பிட்டான். போவதில்லை என்று சொன்னேன். அருள் காரோடு வந்து வாசலில் ஹோர்ன் அடித்தபோது போனேன். கச்சான் இல்லை, கடையில் வாங்கிய ரோல்ஸ். நம்முடைய அணியின் முறை வந்தது. மேடையில் பெயரை வாசித்தார்கள். ஒரு பிடிக்கிறவன். கால் நீண்ட, காற்றுப்போல ஓடுகிற, நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதிரி ஆள்.

யோகன் துள்ளி எழும்பினான். "மாஸ்டர் வெண்டிட்டார்! கடைசியில உங்கட கதையைக் கேட்டிட்டாங்கள்!" அருள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

எனக்குள் ஏதோ கொதித்தது. எழும்பி நின்றேன். "உங்களுக்கு விசரே?" என்றேன். "பிடிக்கிறவனை எடுத்தால் ஆர் எறியிறது? எறியிறவனுக்கு முன்னால ஆர் நிக்கிறது? அவன் கையைத் தூக்க முதல் அவனை மிதிச்சுப் புதைச்சுப்போடுவாங்கள். முதல்ல வேலி. வேலியைப் போடுங்கோடா!"

யோகன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ, அப்பிடியே அவர்தான்! அந்த 'வேலி' எண்ட சொல்லுகூட!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பில் வந்த கண்ணீரா என்று நான் உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை.

அருள் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் கேட்டான்: "மாஸ்டர், அது பகிடிக்கோ, உண்மையாவோ?"

நான் வாயைத் திறந்தேன். படித்தவன், எதற்கும் ஒரு காரணம் சொல்லத் தெரிந்தவன். கீழே ஆறு பனி உருகிய தண்ணீரோடு இருட்டில் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடியும்வரை யோசித்தும் எனக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. உம்மைக் கேலி செய்யத்தான் எழும்பினேன் என்றால் ஏன் எனக்குள் அப்படிக் கொதித்தது? மனதார நம்பித்தான் சொன்னேன் என்றால், அந்தப் பிடிக்கிறவன் மேடையில் சிரித்தபோது எனக்கு ஏன் அவ்வளவு சந்தோசமாக இருந்தது?

ஒருவேளை உம்மை இப்போது எழுப்பி நிறுத்திக் கேட்டாலும் நீரும் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நிற்பீரோ என்னவோ. அப்படியென்றால் என் கேள்விக்கு எங்கேயும் பதில் இல்லை. இதை எழுதி முடிக்கும்போதாவது கொஞ்சம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

அந்த வசனத்தை நான் மன்னிக்கவில்லை. அதற்கு அன்று பஸ்ஸில் செய்த பதிலும் அப்படியே இருக்கிறது, ஒரு சொல் மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அந்தப் பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போது, முடிக்க முன்னரே "வேலி," என்று ஒரு குரல் குறுக்கே வருகிறது. நான் விடுவதில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.