பி பாரத்தில் மொய்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே கொளுத்தும் வெயில். ஈப்போவில் மணப்பெண் அலங்காரம். வியர்வையில் பவுடர் நிற்கவில்லை, மூன்று முறை ஒற்றி எடுத்தேன்.

செய்ய வேண்டியவை: ஹேர்பின். சுயதொழில் வரிக்கான பி பாரம், மாதக் கடைசிக்குள். புதன் வங்கி.

எஸ்டேட் நிர்வாகம் கொடுத்த தோட்ட வீட்டை வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் செல்வத்தின் லோரிச் சம்பளத்துக்கு மட்டும் வீட்டுக் கடன் கிடைக்காது. என் வருமானமும் சேர வேண்டும். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஜூன் 11

கடன் கிடைக்கவில்லை. போன வருட பி பாரத்தைக் காட்டினேன். ஒரு காசு வரி இல்லை என்று பெருமை வேறு. வங்கிப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த வருமானத்துக்குக் கடன் கொடுக்க முடியாதுலா."

இதைவிட அதிகம் சம்பாதிக்கிறேன் என்றேன். தாளில் இல்லையே என்றாள். இந்த வருடப் பாரம் வரட்டும், பார்க்கலாமாம்.

கண்டதையும் செலவில் கழித்து வருமானத்தைக் குறைத்த என் கெட்டிக்காரத்தனத்துக்கு என்னையே அறைய வேண்டும். கிளார்க்காக இருந்தபோது வரியை மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள், சேமநிதியில் முதலாளி பங்கும் விழும். இப்போது முதலாளியும் நான்.

ஜூன் 12

மழை. கணக்குப் பார்க்கும் கிறிஸ்டினா அக்காவிடம் போனேன். நான் கழித்த செலவுகளைப் படித்துச் சிரித்தார்.

பவுடர், நகை வாடகை, வேலைக்குப் போன பெட்ரோல்: சரி.
நான் கட்டிப்போன பட்டுச் சேலைகள்: கூடாது.
வீட்டுக் கரண்டு பில் முழுவதும்: கூடாது.

"மொய்யக் கூடவா கழிச்ச?"

அலங்காரம் செய்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் எப்படி வருவது? அடுத்த மகள் கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிட வேண்டாமா? தொழில் செலவுதானே என்றேன். அது உறவுக்குச் செய்தது என்றார். போன வருடத்தையும் திருத்த வேண்டுமாம். வரி வரும், அபராதமும் வரலாம்.

இன்னொன்று. வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் சொக்சோ காப்புறுதிச் சந்தாவும் சேமநிதியும் வரியில் அடங்காது. வரியே இல்லாவிட்டாலும் அவை தனி. இரண்டு வருடமாக எதுவும் போடவில்லை.

ஜூன் 14

மொய், சேலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி கூட்டினேன். நான்கு முறை. செல்வத்தைவிட என் வருமானம் அதிகம். கைச்செலவுக்கு ஏதோ செய்கிறாள் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

தாளை அவர் பக்கம் தள்ளினேன். பயம்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். டீ ஆறிவிட்டது.

"வீட்டுக்கு உன் பேர முதல்ல போடு."