இறக்கையில் வைத்த பொட்டு

நண்பா,

இன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டியில், என் அபார்ட்மெண்ட் வாசலில் ஒரு கேப் வந்து நின்றது. நேற்றைய ஆயுத பூஜைச் சந்தனம் அதன் முகமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. கதவைத் திறந்ததும் அந்த வாசனை. உலகத்துச் சந்தனக் காடுகள் அத்தனையையும் அரைத்து என் மூக்கில் அப்பியதுபோல் இருந்தது. ஏறாமலே நின்றேன். டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். போகச் சொல்லிவிட்டேன்.

போன வருடம் இதே பூஜை, நீ உன் கையாலேயே கட்டிய விமானத்துக்கு. ரிட்டயரான பிறகு ஹெப்பகோடி ஷெட்டில் ஆறு வருடம் கட்டினாய். இடம் போதாமல் ஒரு இறக்கை மட்டும் ஆஸ்டின் டவுனில் உன் வீட்டு ஹாலில் மாதக்கணக்கில் கிடந்தது. அதன் அடியில் மூவாயிரம் பேர் உட்கார்ந்து காபி குடித்ததாக ஊரெல்லாம் சொன்னேன். “மூணு பேருடா, அதுல நீயே ரெண்டு தரம்” என்றாய்.

பூஜையை நானே எடுத்துக்கொண்டேன். ஈரேழு பதினாலு லோகத்து வாகனங்களுக்கும் தலைமைக் குருக்கள் நான்தான் என்று அறிவித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு விமானத்தைச் சுற்றி வந்தேன். இறக்கைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

“டேய், அதத் தொடாத. அதுல காத்து போனாத்தான் எனக்கு உள்ள வேகம் தெரியும்.”

“மூக்குன்னு சொல்லு. மூக்குக்குப் பொட்டு வெக்காம விட்டா கோச்சுக்கும்டா!”

வைத்தே விட்டேன். நுனியில் இருந்த ஓட்டை மேலேயே, கட்டைவிரலால் அழுத்தி. நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். “கர்மம். காலைல தொடச்சுக்கறேன், விடு.”

மறுநாள் நான் ஓடுபாதைக்கு வந்து சேர்ந்தபோது நீ உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாய். குனிந்து இறக்கைக்கு அடியில் பார்த்திருக்கலாம். நான்தான் சக்கரவர்த்தியை வழியனுப்பும் மும்முரத்தில் துண்டை வீசிக்கொண்டிருந்தேனே. ஏறினாய். விமானத்தின் முன்பக்கம் மேலே தூக்கிற்று, இன்னும் மேலே தூக்கிற்று. பிறகு ஒருக்களித்துச் சாய்ந்து, ராகி வயலுக்குள் விழுந்தாய்.

வேகம் குறைந்து விழுந்தது என்று விசாரணைக்கு வந்தவர்கள் எழுதினார்கள். ஏன் குறைந்தது என்பதைத் தீ தின்றுவிட்டது. என்னையும் கேட்டார்கள். துண்டு வீசியதைச் சொன்னேன். பொட்டைச் சொல்லவில்லை.

இன்று நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, காபி கொடுத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

“போங்கண்ணா. எல்லாத்துலயும் உங்களுக்கு ஒரு பார்ட் வேணும். இதுலயுமா?”

நாற்பது வருடம் கதை அளந்ததற்கு இதுதான் பலன். மறுபடி சொன்னேன், மெதுவாக. “நான் வெச்சேம்மா. காலைல தொடச்சுக்கறேன்னான். தொடச்சானான்னு எனக்குத் தெரியாது.”

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அவரு எதையும் ரெண்டு தரம் பாப்பாரு.”

“ஆமாம்மா.”

“தொடச்சிருப்பாரு, இல்லண்ணா? நீங்க பாத்திருப்பீங்களே?”

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், கர்சீப்பை எடுத்து நீ பளபளவென்று துடைத்தாய் என்று ஒரு வரி சொன்னால் போதும். அதைவிடப் பெரிய புளுகையெல்லாம் காலையில் பல் விளக்குவதற்குள் சொல்லி முடிப்பவன் நான். வாயைத் திறந்தேன். வரவில்லையடா.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் பாதிதான் குடித்திருந்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.