பிறவிக் குரல்

சிகாகோ
மார்ச் 13, 1957

என் வெர்டெல் கண்ணுக்கு,

இங்கே அனைவரும் சுகம். பாஸ்டனில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், முதலில் தொண்டை, பிறகு மற்றதெல்லாம். உன் கடிதத்தை அப்பா இரண்டு முறை படித்தார். தன் பெரிய பேஸ் வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கோபம் வந்தால் அதுதானே. இப்போது அதில் முகம் பார்க்கலாம்.

உங்க கறுப்பு ஜனத்துக்கு எதுக்குடி சாதகம், பாட்டு ரத்தத்துலயே ஓடுதே என்றாளாமே உன் பக்கத்து அறை வகுப்புப் பெண். ஆசிரியரும் ஆமோதித்து, ஜெர்மன் பாட்டெல்லாம் வேண்டாம், கச்சேரியில் உங்கள் ஜனத்தின் புளூஸ் பாட்டைப் பாடு என்றாராம். சங்கீதப் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்கிறாய். பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். வரவில்லை. சனிக்கிழமை வானொலி நிலையத்தில் வந்தது.

எங்கள் ஜாஸ் குழு நேரடியாகப் பாடியது. முதல் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், வெள்ளைக்காரர், நல்ல மனிதர்தான், ஆஹா, பயிற்சியே இல்லாத பிறவிக் குரல், எங்கேருந்தும்மா வருது என்றார். எத்தனையோ பேர் சொன்னது. சிரித்துக்கொண்டு போயிருப்பேன், உன் கடிதம் கைப்பையில் இல்லாதிருந்தால். எங்க டீச்சர் மிஸ் ஹாட்டி வீட்டுத் தரையிலேருந்து வருதுங்க, வயித்து மேல இஸ்திரிப் பெட்டிய வச்சு மூச்சு பழகின தரை, இன்னிக்குக் காலையிலயும் பழகினேன், கேக்கறீங்களா என்றேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலையில் நீ போர்வைக்குள்ளிருந்து திட்டுவாயே, அதே ஏற்ற இறக்கப் பயிற்சியைப் பாட ஆரம்பித்தேன். இரண்டாவது ஏற்றத்தில் கிளீவ் மாமா பியானோவில் சேர்ந்துகொண்டார். அப்பாவின் பேஸ் கீழ் ஸ்தாயியில் கூடவே நடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மாமா சுருதியை அரைக்கட்டை ஏற்றினார், குறும்பு, ஏறு தாயே ஏறு, எங்க போய் முட்டறேன்னு பாக்கறேன் என்று அவர் கத்தியது ஊருக்கே கேட்டிருக்கும். முட்டவில்லை. அறிவிப்பாளர் அடுத்து சோப்பு விளம்பரம் படித்தார், கொஞ்சம் தடுமாறி.

வராதே என்று சொல்லமாட்டேன். உன் கட்டில் அப்படியே இருக்கிறது. ஜெர்மன் பாட்டோ புளூஸோ, நீ எடுத்ததைப் பாடு. இரண்டும் பழகாமல் வராது என்பது உனக்குத் தெரியும். ஒன்று மட்டும். காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவதாக எழுதியிருந்தாய். திற. அந்தப் பெண்ணும் எழுந்து தொலையட்டும்.

கழுத்தில் கம்பளித் துண்டு இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் மூச்சைக் காக்கட்டும்.

உன் அம்மா,
எர்னஸ்டீன்

பி.கு.: வானொலி நிலையத்திலிருந்து ஆள் வந்தார். நேயர்கள் அந்த ஏறி இறங்குகிற பாட்டை மறுபடி கேட்கிறார்களாம். தலைப்பு என்ன என்றார். 'வெர்டெல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.